சுற்றுச்சூழல் பொறியியல் இளநிலைப் படிப்பு: அரியலூர், பெரம்பலூர் மாணவர்களுக்கு

சுற்றுச்சூழல் பொறியியல் என்பது குடிநீர் வழங்கல், கழிவுநீர்ச் சுத்திகரிப்பு, காற்று மாசுக் கட்டுப்பாடு, திடக்கழிவு மேலாண்மை ஆகியவற்றுக்கான அமைப்புகளைக் கணக்கிட்டு வடிவமைக்கும் துறையாகும். இளநிலைப் படிப்பு 4 ஆண்டுகள். மரம் நடுவது பற்றிய படிப்பு என்று எண்ணிச் சேர்பவர்களும் உண்டு. உண்மையில் கணிதமும் வேதியியலும் இதன் அடிப்படை.

அரியலூரில் இப்பாடங்கள் கண்ணெதிரே நடக்கின்றன. கிரெட்டேசியஸ் காலக் கடலில் படிந்த சுண்ணாம்புக்கல் இங்கே கிடைப்பதால், அரசு நிறுவனமான டான்செம் உட்படப் பல சிமெண்ட் ஆலைகள் அமைந்துள்ளன. தூய சுண்ணாம்புக்கல் 100 கிலோவைச் சுட்டால் 56 கிலோ சுட்ட சுண்ணாம்பும் 44 கிலோ கார்பன் டை ஆக்சைடும் கிடைக்கும். இந்த வாயு கல்லிலிருந்தே வருவதால் எரிபொருளை மாற்றினாலும் குறையாது. தூசியின் நிலை வேறு. புகைபோக்கிக்குச் செல்லும் தூசியைத் துணிப்பை வடிகட்டிகள் பிடித்துவிடும். லாரிகள் ஓடும் சாலையில் எழும் தூசியைப் பிடிக்க அப்படி ஒரு கருவி இல்லை. 10 மைக்ரானுக்கு உட்பட்ட துகள்களுக்கு இந்தியாவின் 24 மணி நேர வரம்பு ஒரு கன மீட்டருக்கு 100 மைக்ரோகிராம்.

பெரம்பலூர்ப் பக்கம் கல்குவாரிகளும் கிரஷர்களும் உள்ளன. 2006ஆம் ஆண்டு அறிவிக்கையின்படி, பெரிய சுரங்கங்களுக்கு அனுமதி தரும் முன் பொதுமக்கள் கருத்துக்கேட்புக் கூட்டம் நடத்த வேண்டும். குறைந்தது 30 நாள் முன்னறிவிப்பும், அறிக்கையின் தமிழ்ச் சுருக்கமும் தரவேண்டும். அதிலுள்ள தூசி அளவையும் நிலத்தடி நீர்மட்டத்தையும் படித்துக் கேள்வி கேட்கத் தெரிந்த ஒருவர் ஊரில் இருந்தால் கூட்டத்தின் போக்கே மாறும்.

தமிழ்நாட்டில் இப்பெயரில் பி.இ. நடத்தும் கல்லூரிகள் குறைவு. கோயம்புத்தூரிலுள்ள தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தில் பி.டெக். ஆற்றல் மற்றும் சுற்றுச்சூழல் பொறியியல் உண்டு; இதற்கு அண்ணா பல்கலைக்கழகக் கலந்தாய்வு போதாது, தனியாக விண்ணப்பிக்க வேண்டும். அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 விழுக்காடு உள்ஒதுக்கீடு 2021 முதல் பொறியியல், வேளாண் படிப்புகளுக்கும் உண்டு.

அரசு வேலையை எண்ணிப் படிப்பவர்களுக்கு, சிவில் படித்துவிட்டு முதுநிலையில் சுற்றுச்சூழல் எடுப்பதே பாதுகாப்பான வழி. பல பணி அறிவிப்புகள் சிவில் பட்டத்தைப் பெயர் சொல்லியே கேட்கின்றன. மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் பழைய அறிவிப்புகளில் கல்வித் தகுதிப் பகுதியைப் படித்துவிட்டுப் பாடப்பிரிவைத் தேர்ந்தெடுப்பது நல்லது. முதுநிலைக்கான கேட் தேர்வில் 2021 முதல் சுற்றுச்சூழல் அறிவியல் மற்றும் பொறியியலுக்குத் தனித்தாள் உள்ளது.