பழைய லாரிக்கு அகல டயர்: வயலுக்கு நன்மையா?

விருத்தாசலம் பீங்கான் பட்டறைகளில் பொம்மையும் அகல் விளக்கும் செய்வோர், பதமான களிமண்ணை அச்சில் வைத்து அழுத்துகின்றனர். அழுத்தத்தில் மண்ணுக்குள் இருக்கும் காற்று வெளியேறி, துகள்கள் நெருங்கி இறுகுகின்றன. பட்டறைக்கு அது தேவை. ஆனால், அதே அழுத்தம் ஈரமான வயலில் விழுந்தால் வேர் ஓட வழியின்றி, தண்ணீர் கீழே இறங்க இடமின்றிப் போகும். வெட்டிய கரும்பை ஏற்ற வயலுக்குள் இறங்கும் லாரி செய்வது இதைத்தான். மறுதாம்புக் கட்டையின் மேல் சக்கரம் ஏறினால் முளைக்க வேண்டிய பருக்களும் நசுங்கும். அடுத்த ஆண்டு அந்தத் தடம் முழுவதும் பயிர் இல்லாத இடைவெளியாக நிற்கும்.

இதற்கு மாற்றாக, பழைய லாரிகளின் ஜோடி டயர்களை எடுத்துவிட்டு, குறைந்த காற்றில் ஓடும் அகல டயர்களைப் பொருத்தலாம் என்ற யோசனை சொல்லப்படுகிறது. இதில் எவ்வளவு பயன் உண்டு என்பதை விவசாயிகள் தெரிந்துகொள்வது நலம்.

காற்றும் அழுத்தமும்

டயர் தரையை அழுத்தும் அளவு, ஏறத்தாழ அதிலுள்ள காற்றின் அழுத்தத்தை ஒத்திருக்கும். லாரி டயரில் 100 பவுண்டு காற்று இருந்தால், தரையில் ஒரு சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 7 கிலோ அழுத்தம் விழுகிறது. ஒரு டயர் 2,500 கிலோ சுமந்தால், அத்தனை எடையும் சுமார் 19 சென்டிமீட்டர் சதுரத்தில் இறங்குகிறது. அதே எடையை 30 பவுண்டு காற்றுள்ள அகல டயர் தாங்கினால், எடை சுமார் 35 சென்டிமீட்டர் சதுரத்தில் பரவும். அழுத்தம் 2 கிலோ அளவுக்குக் குறையும். சக்கரம் புதைவதும் குறையும். ஈர வயலில் நெல் அறுக்க, டயர் இயந்திரத்தை விட்டுச் 'செயின்' இயந்திரத்தை அழைப்பதும் இந்தக் காரணத்தால்தான்.

இந்த முறை புதிதன்று. இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்காவில் ஜி.எம்.சி. ராணுவ லாரியை அடிப்படையாகக் கொண்டு, 'டக்' என்ற நீர்-நில வண்டி தயாரிக்கப்பட்டது. பின்புறம் ஜோடி டயர்களுக்குப் பதிலாக அகலமான ஒற்றை டயர்கள் பூட்டப்பட்டன. ஓட்டுநர் இருக்கையில் இருந்தபடியே டயர் காற்றைக் கூட்டவும் குறைக்கவும் வசதி இருந்தது. சாலையில் சுமார் 40 பவுண்டு, மணலில் 12 பவுண்டு அளவு என்று மாற்றிக்கொண்டு கடற்கரை மணலைக் கடந்தன. முன் சக்கரம் போன தடத்திலேயே பின் சக்கரமும் போவதால் இழுவையும் குறைகிறது. ஜோடி டயர்களுக்கு நடுவே சேறு அடைக்கும் தொல்லையும் இல்லை.

தீராத குறை

எனினும், அகல டயர் எடையைப் பரப்புகிறதே தவிர, எடையைக் குறைப்பதில்லை. மேல்மண்ணில் விழும் அழுத்தம் டயர் காற்றைப் பொறுத்தது. ஆழத்தில் விழும் அழுத்தமோ ஆக்சில் சுமக்கும் மொத்த எடையைப் பொறுத்தது. மேலே தடம் தெரியாவிட்டாலும், உழவு எட்டாத ஆழத்தில் கெட்டி அடுக்கு உண்டாகலாம். அது பல ஆண்டுகள் நீடிக்கும். ஆகவே அகல டயரை நம்பிப் பாரத்தைக் கூட்டினால் நன்மைக்குப் பதில் தீமையே விளையும்.

பொருத்துமுன் கவனிக்க வேண்டியவை

அகல டயருக்கு அதற்குரிய அகலமான டிஸ்க் தேவை. பழைய டிஸ்கில் திணித்துப் பூட்டக்கூடாது. இரண்டு டயர்கள் சுமந்த எடையை ஒரு டயர் தாங்குமா என்று பார்க்க வேண்டும். டிஸ்க் வெளிப்பக்கம் தள்ளி நின்றால் பேரிங் மீது பாரம் கூடும். வண்டியைத் திருப்பும்போது முன் டயர் ஸ்பிரிங் பட்டையிலோ மட்கார்டிலோ உரசக்கூடாது. டயரின் உயரம் கூடினால் இழுவையும் பிரேக்கின் பிடிப்பும் குறையும்.

திருநெல்வேலி மாவட்டம் கங்கைகொண்டானில் வேளாண் டயர்கள் தயாராகின்றன. ஆனால், இத்தகைய டயர்களில் பல, மெதுவாகச் செல்லும் டிரெய்லருக்கென்றே செய்யப்பட்டவை. டயரின் பக்கத்தில் 'ஏ8' என்று இருந்தால் அதன் உச்ச வேகம் மணிக்கு 40 கிலோமீட்டர். அதைப் பூட்டி நெடுஞ்சாலையில் லாரி வேகத்தில் போவது ஆபத்து. சாதாரண லாரி டயரில் காற்றைக் குறைத்து, முழுப் பாரத்துடன் ஓட்டுவதும் கூடாது. பக்கச் சுவர் சூடேறி டயர் வெடிக்கும். மேலும், தயாரிப்பாளர் குறித்த அமைப்பை மாற்றுவதை 1988-ம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு கட்டுப்படுத்துகிறது. வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் கேட்டறிந்த பிறகே செலவு செய்ய வேண்டும்.

செலவில்லாத வழிகள்

சிறு விவசாயிக்கு இவற்றைவிட எளிய வழிகள் உண்டு. அறுவடைக்கு முன்பே பாசனத்தை நிறுத்தி, வயலைக் காயவிட வேண்டும். அரையடி ஆழத்து மண்ணை எடுத்து உள்ளங்கையில் உருட்டிப் பார்க்கலாம். உடையாமல் மெல்லிய திரியாக நீண்டால், லாரி இறங்கும் பதம் இன்னும் வரவில்லை. உதிர்ந்தால் மண் பாரம் தாங்கும். லாரியை வரப்போரப் பாதையிலேயே நிறுத்தி, கட்டுகளைத் தலைச்சுமையாகக் கொண்டுவந்து ஏற்றுவது மிக நல்லது. உள்ளே இறங்கியே ஆகவேண்டுமானால் அரைப் பாரத்துடன், போன தடத்திலேயே திரும்ப வேண்டும். வயல் முழுதும் மிதிபடுவதைவிட ஒரு தடம் கெடுவது மேல்.

ஏற்கெனவே அடிமண் இறுகிய நிலத்தில், மறுதாம்பு முடிந்து புதுநடவு செய்யும் முன், மண் காய்ந்திருக்கும்போது உளிக்கலப்பையால் அரை மீட்டர் இடைவெளியில் குறுக்கும் நெடுக்குமாக உழலாம். ஏக்கருக்கு 5 டன் தொழு உரம் இடுவது, உடைந்த மண் மீண்டும் இறுகாமல் காக்கும்.

லாரிக்காரர் அகல டயர் பூட்டி வந்தால் வரவேற்கலாம். ஆனால், எவ்வளவு பாரம், எந்தப் பதத்தில், எந்த வழியில் என்ற மூன்றையும் முடிவு செய்ய வேண்டியவர் நிலத்துக்காரரே. லாரி ஒரு நாளில் போய்விடும். அது இறுக்கிவிட்டுப் போன மண்ணோடு பல பட்டம் பாடுபட வேண்டியவர் அவர்தான்.