கண்டி மாநகரின் குடிநீரும் மூப்படையும் பொறிகளும்

திருவள்ளுவர் கடவுள் வாழ்த்தை அடுத்து வான்சிறப்பை வைத்தார். மழைவளம் மிக்க மலைநாட்டின் தலைநகராகிய கண்டிக்கு நீர்க்குறை நேருமோ என ஒருவர் வினவலாம். வானம் தரும் நீர் வேறு. இல்லத்துக் குழாயில் வரும் குடிநீர் வேறு. இவ்விரண்டிற்கும் இடையே பொறிகள் பல உள. அவை மூப்படைவன என்பதைப் பெரும்பாலோர் எண்ணிப் பார்ப்பதில்லை.

நகரின் பழைய நீர்வழங்கல் துனுமடலாவைக் காட்டிடையே அமைந்த நீர்த்தேக்கங்களைச் சார்ந்திருந்தது. காடு மண்ணரிப்பைத் தடுத்து நீரைத் தெளிவாக வைத்தது. உயரத்திலிருந்து நீர் தானே நகருக்கு இறங்கிற்று. மக்கட்டொகை பெருகவே, அந்நீர் போதாதாயிற்று. நகரம் மகாவலி கங்கையை நாடியது. கெட்டம்பேயில் மாநகர சபையின் சுத்திகரிப்பு நிலையமும், பிற்காலத்தில் யப்பானிய கடனுதவியுடன் கட்டுகஸ்தோட்டையில் தேசிய நீர்வழங்கல் வடிகாலமைப்புச் சபையின் நிலையமும் எழுந்தன. ஆனால் கங்கையோ தாழ்நிலத்தில் ஓடுகின்றது. வீடுகளோ குன்றுகளின் மேல் உள்ளன. மேலும், நாவலப்பிட்டி, கம்பளை முதலிய ஊர்களையும் தேயிலைச் சரிவுகளையும் கடந்து வரும் ஆற்றுநீர் மழைக்காலத்தில் மிகவும் கலங்குகின்றது. முன்பு காடும் மலைச்சரிவும் செய்த பணியை இப்பொழுது பொறிகளே செய்தல் வேண்டும்.

ஆற்றுநீரிற் படிகாரம் கலந்தால் நுண்ணிய மண்துகள்கள் திரண்டு தொட்டியின் அடியிற் படியும். எஞ்சிய அழுக்கை மணற்படுக்கை தடுக்கும். இறுதியிற் குளோரீன் கிருமிகளை அழிக்கும். ஒவ்வொரு படியிலும் தேய்வு உண்டு. மணலைக் கீழிருந்து நீர் செலுத்திக் கழுவுவர். அடிக்குழாய்த் துளைகள் அடைபட்டால் கழுவுதல் சீராக நிகழாது. மணல் கட்டிபட்டு வெடிப்புக் காணும். அவ்வெடிப்பின் வழியே நீர் வடிகட்டப்படாமலே நழுவும். வண்டல் உராய்ந்து பம்பியின் சுழலியைத் தேய்க்க, அதே மின்செலவிற் குறைந்த நீரே மேலேறும். குளோரீன் அளக்கும் கருவி பிழைபட்டால், பிழை நிகழ்ந்தது என்பதே உடனே தெரியாது.

மூப்பின் அபாயம் இதுவே: பொறி நின்றுவிட்டால் அனைவரும் அறிவர்; ஓடிக்கொண்டே தன் கடமையில் தவறினால் எவரும் அறியார். 1993இல் அமெரிக்காவின் மில்வாக்கி நகரில் வடிகட்டிய நீரிற் கலங்கல் சற்றே உயர்ந்தது. குளோரீனுக்கு அழியாத நுண்ணுயிர் ஒன்று அதனூடே சென்று ஏறத்தாழ 4 இலட்சம் பேரை நோயுறச் செய்தது. செல்வம் மிக்க நாட்டிலேயே இவ்வாறு நிகழ்ந்தது கருதத்தக்கது.

ஆயின், பழைய பொறிகளை மாற்றுவது எளிதன்று. நீர் விநியோகத்தை வாரக்கணக்கில் நிறுத்த இயலாது. ஆகவே, கலங்கல் குறைந்த வரட்சிக் காலத்தில், மேட்டுத் தொட்டிகளை முன்னரே நிரப்பி, வடிகட்டிகளை ஒவ்வொன்றாக விலக்கிப் புதுப்பித்தலே முறையாகும். மாற்றுப் பம்பி ஒன்று எப்பொழுதும் ஆயத்தமாக இருத்தல் வேண்டும். உதிரிப்பாகங்களையும் உரிய காலத்திற் பெற்று வைத்தல் வேண்டும். 2022இல் அந்நியச் செலாவணி அருகியபோது, பிறநாட்டுப் பொருளை நம்பியிருந்த தொழில்கள் யாவும் அல்லற்பட்டதை இலங்கையர் அறிவர்.

இதற்கு வேண்டிய பொருளோ ஒருநாளிற் சேர்வதன்று. நீர்க்கட்டணத்தில் ஒரு பங்கை ஆண்டுதோறும் புதுப்பித்தலுக்கென ஒதுக்குதல் வேண்டும். அவ்வாறு செய்யாது கட்டணத்தைக் குறைவாக வைத்திருப்பது, இன்றைய தலைமுறையின் செலவை அடுத்த தலைமுறையின் தலையிற் சுமத்துவதாகும். புதிய நிலையத்தைத் திறப்பதற்கு விழா உண்டு. பழைய வால்வை மாற்றுவதற்கு விழா இல்லை. எனினும் நகரின் நலம் இரண்டாவதையே பெரிதும் சார்ந்துள்ளது. துனுமடலாவைக் காட்டைப் பேணுவதும், ஆற்றங்கரைப் பொறிகளைக் காலத்தே புதுப்பிப்பதும் கண்டி மாநகரின் ஒரே கடமையின் இரு கூறுகளாம்.