வெயில் ஊரில் ஓர் இருட்டறை

சித்திரை மாதத் திருப்பதி. வெயில் 40 டிகிரி செல்சியஸைத் தாண்டுகிறது. மாடித் தொட்டியிலிருந்து வரும் குழாய்த் தண்ணீரில் கை வைக்க முடியவில்லை. கறுப்பு வெள்ளை பிலிமை வீட்டிலேயே கழுவ நினைப்பவருக்கு இந்தத் தண்ணீர்தான் முதல் எதிரி. டெவலப்பருக்கு உகந்த வெப்பம் 20 டிகிரி.

ஒரு காலத்தில் இது ஸ்டுடியோக்காரரின் கவலை. திருமலையில் மொட்டை போட்ட குழந்தையை மடியில் வைத்து எடுத்த படம் சித்தூர், வேலூர்ப் பக்கத்து வீடுகள் பலவற்றின் சுவரில் இன்னும் தொங்குகிறது. வண்ணப் படமும் பிறகு டிஜிட்டலும் வந்தபின் இருட்டறைகள் மூடப்பட்டன. 1960இல் தொடங்கப்பட்டு ஊட்டியில் 'இந்து' பிலிம்களைத் தயாரித்த பொதுத்துறை நிறுவனமான ஹிந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸும் நலிந்து மூடப்பட்டது. இப்போது கிடைப்பவை பெரும்பாலும் இறக்குமதி ரோல்கள். அவற்றை வெளியூர் லேபுக்கு அனுப்ப மனமில்லாதவர்களுக்குச் சமையலறையே இருட்டறை.

சினிமாவில் காட்டும் சிவப்பு விளக்கு பிரிண்ட் காகிதத்துக்குத்தான். இன்றைய பிலிம்களில் பெரும்பாலானவற்றுக்குச் சிவப்பும் ஆகாது. கும்மிருட்டில் ரீலில் சுற்றி டாங்குக்குள் வைத்து மூடியபின் விளக்கைப் போடலாம். டெவலப்பர், தண்ணீர், ஹைப்போ, மறுபடி தண்ணீர். வரிசை இவ்வளவுதான்.

கோடக்கின் பழைய டி-76 டெவலப்பரை வீட்டிலேயே கலக்கலாம். ஒரு லிட்டருக்கு மெட்டால் 2 கிராம், சோடியம் சல்பைட் 100, ஹைட்ரோகுவினோன் 5, போராக்ஸ் 2. மெட்டால் முதலில் கரைய வேண்டும். சல்பைட்டை முந்திப் போட்டால் அது கரைய மறுக்கும். மெட்டால் சிலருக்குத் தோல் அரிப்பைத் தரும் என்பதால் கையுறை அவசியம். இதற்குப் பயன்படுத்திய பாத்திரம் மறுபடி அடுப்படிக்குப் போகக் கூடாது.

வெயிலைச் சமாளிக்கவும் வழி உண்டு. ஐஸ் கட்டியை டெவலப்பருக்குள் போட்டால் அது நீர்த்துவிடும். ஐஸ் போட்ட பேசினில் பாட்டில்களை நிறுத்த வேண்டும். 20 டிகிரியில் பத்து நிமிடம் பிடிக்கும் வேலை 24 டிகிரியில் ஏறக்குறைய ஏழு நிமிடத்தில் முடிந்துவிடும். அதற்குமேல் சூடேறினால் நேரம் கைக்குள் நிற்காது. குளிர்ந்த டெவலப்பருக்குப் பின் சுடுகிற குழாய்த் தண்ணீரை ஊற்றினால் பிலிமின் ஜெலட்டின் சுருங்கி, படமெங்கும் வலைபோல வெடிப்பு விழலாம். கடைசிக் கழுவல் வரை ஒரே வெப்பம் வேண்டும்.

உப்புத் தண்ணீர் காய்ந்தால் நெகடிவில் வெள்ளைப் புள்ளிகள் நிற்கும். பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டரில் ஒருமுறை அலசினால் போதும். பயன்படுத்திய ஹைப்போவில் வெள்ளி கரைந்திருப்பதால் அதைக் கிணற்றடியிலோ செடியிலோ கொட்டக் கூடாது.

இவ்வளவு பாடு எதற்கு? 36 படங்கள், கழுவ ஒரே வாய்ப்பு. கெட்டால் கெட்டதுதான். ஹைப்போவில் போதிய நேரம் வைத்து, நன்றாக அலசிய நெகடிவ் தலைமுறைகளைத் தாண்டும். அவசரப்பட்டால் சில ஆண்டுகளிலேயே பழுப்பேறும். கொடியில் கிளிப் மாட்டித் தொங்கும் அந்த ஈரச் சுருளில், மொட்டைத் தலைக் குழந்தையின் பேரன் அதைப் பார்ப்பானா என்பதை இந்த அரைமணி நேரம்தான் முடிவு செய்கிறது.