முத்துச்சிப்பியின் பிரசவ வார்டு

மெதுவாக, சத்தம் போடாமல் வாருங்கள். தூத்துக்குடியில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தார் 1981இல் முத்துச்சிப்பியைத் தொட்டியிலேயே குஞ்சு பொரிக்க வைத்தார்களே, அந்த வித்தை உள்ளே எப்படி நடக்கிறது என்று எட்டிப் பார்க்கப் போகிறோம். எனக்கு இப்போதே கை பரபரக்கிறது!

வளர்ந்த சிப்பிகள் வரிசையாகக் கிடக்கின்றன. தண்ணீரைக் கொஞ்சம் சூடாக்குகிறார்கள். காத்திருக்கிறோம். அதோ, ஒரு ஆண் சிப்பி வாயைத் திறந்து வெள்ளைப் புகை போல விந்தை விடுகிறது! அந்த வாடை தண்ணீரில் பரவியதும் பக்கத்தில் இருப்பவையும் ஆரம்பித்துவிடும். பார்த்துக்கொண்டிருக்கும்போதே தொட்டி பால் ஊற்றியதுபோல் கலங்கிப்போகிறது. (இன்று ஆணாக இருப்பது பின்னாளில் பெண்ணாகவும் மாறும். என்ன பிறவி இது!)

மறுநாள் ஒரு சொட்டை எடுத்து மைக்ராஸ்கோப்பில் வையுங்கள். ஆங்கில ‘டி’ எழுத்து வடிவில் குட்டிக் குட்டி ஓடுகள் சுழன்று சுழன்று நீந்தும். தலைமுடித் தடிமன்தான் ஒவ்வொன்றும். இவற்றுக்குச் சாப்பாடு ஐசோகிரைசிஸ் என்ற நுண்பாசி. அதை வளர்க்கும் அறையைப் பார்த்தால் குடுவை குடுவையாகப் பொன்பழுப்புத் தண்ணீர், விளக்கு வெளிச்சத்தில் தேன் மாதிரி மின்னுகிறது.

இரண்டு வாரம் போனால் உடம்பில் ஒரு கரும்புள்ளி தோன்றும். அதுதான் கண்! பிறகு ஒரு கால் முளைக்கும். கிட்டத்தட்ட மூன்றாவது வாரத்தில் நீச்சல் அலுத்து, அந்தக் காலால் தடவித் தடவி உட்கார இடம் தேடும். இடம் பிடித்துவிட்டால் நூல் விட்டு ஒட்டிக்கொள்ளும்.

தொட்டியில் அந்த இடத்தை நாம் கொடுத்துவிடலாம். கடலில்? மன்னார் வளைகுடாவில் முத்துக்குளித்தவர்கள் ‘பார்’ என்று சொன்ன பாறைத்திட்டுகள்தான் சிப்பியின் வீடு. ஏழெட்டு ஆள் ஆழத்துக்கும் கீழே கிடப்பவை. நீரோட்டம் மணலை அள்ளிக் கொண்டுவந்து கொட்டினால் பார் மூடிப்போகும், குஞ்சுக்குப் பிடிமானம் இருக்காது. பாறை வெளியே தெரிந்தாலும் சில சமயம் ‘சூரன்’ முந்திக்கொள்ளும். நூலால் பின்னிப் பின்னிப் பாய் விரித்ததுபோல் படர்ந்து சிப்பிக்கு மூச்சு முட்டவைக்கும் மட்டி அது. நட்சத்திரமீனும் ஆக்டோபஸும் வேறு பசியோடு அலைகின்றன.

இத்தனையும் ஒத்துவந்த அபூர்வ காலம் ஒன்று இருந்தது. 1955 முதல் 1961 வரை தூத்துக்குடிப் பார்களில் முத்துக்குளிப்பு நடந்தது. அதற்குப் பிறகு நடக்கவே இல்லை. 1980களில் தொட்டியில் பிறந்த குஞ்சுகளைப் பாரில் கொண்டுபோய் விட்டும் பார்த்தார்கள். மறுபடி குளிப்பு நடத்தும் அளவுக்குச் சிப்பி பெருகவில்லை. அதனால்தான், குஞ்சு பொரிக்கத் தெரிந்த நாம் அந்தப் பாறைகளையும் மணல் போகும் வழியையும் இதே ஆசையோடு கவனிக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது.

போகும் முன் ஒரே ஒரு தடவை குனிந்து பாருங்கள். தொட்டிச் சுவரில் மிளகாய் விதையைவிடச் சிறியதாக ஒன்று ஒட்டியிருக்கிறதா? விரலால் மெல்ல நகர்த்துங்கள். விடாது! நூல் போட்டுவிட்டது.