ஒரு கால்சியம் கோட்டின் இரு செய்திகள்

ராட்சத விண்மீன்களின் காந்தச் செயல்பாட்டை அறிய வானியலாளர்கள் பெரும்பாலும் முதலில் நாடுவது நிறமாலையின் ஊதா ஓரத்தில் உள்ள ஒரு கருங்கோட்டை. கால்சியம் அயனி 3934 ஆங்ஸ்ட்ராம் அலைநீளத்தில் ஒளியை விழுங்குவதால் உண்டாகும் இதற்குக் ‘கே’ கோடு என்று பெயர். ஒளிமண்டலத்துக்கு மேலே இருக்கும் நிறமண்டலம் காந்தப்புலத்தால் சூடேறும்போது, இந்த இருட்டின் நடுவே ஓர் ஒளிமேடு எழும். சூரியனில் இதை நேராகவே காணலாம். கொடைக்கானலில் நூறாண்டுக்கும் முன்பு தொடங்கி இதே கோட்டில் எடுக்கப்பட்ட படங்களில், காந்தப்புலம் வலுத்த இடங்கள் வெண்திட்டுகளாகத் தெரிகின்றன.

மேட்டின் உயரம் சொல்வது காந்தச் செயல்பாட்டை. அகலம் சொல்வது வேறு. விண்மீனின் உண்மையான ஒளிர்வு கூடக்கூட மேடும் அகலமாகிறது என்று 1957இல் ஓலின் வில்சனும் சென்னையில் பிறந்த வைணு பாப்புவும் காட்டினர். மேடு உயர்ந்தாலும் தாழ்ந்தாலும் இந்த உறவு பெரிதாகக் குலைவதில்லை. அதுதான் இக்கண்டுபிடிப்பின் அழகு. ஒளிர்வு தெரிந்தால் தொலைவும் கிடைத்துவிடும்.

அந்தப் பாப்பு 1960களில் வானாய்வகத்துக்காகத் தேடிப் பிடித்த இடமே ஜவ்வாது மலையின் காவலூர். கடல் மட்டத்திலிருந்து சுமார் 725 மீட்டர் உயரம். 1972இல் அங்கே 1 மீட்டர் தொலைநோக்கி வந்தது. அவர் 1982இல் மறைந்தார். 1986இல் இயங்கத் தொடங்கிய 2.34 மீட்டர் தொலைநோக்கி அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. அது திரட்டும் ஒளி கண்ணாடி இழை வழியாக எஷெல் நிறமாலைமானிக்குப் போய்ச் சேர்கிறது. அதன் பகுதிறன் சுமார் 72,000 வரை எட்டும். அதாவது 5000 ஆங்ஸ்ட்ராம் அருகே 0.07 ஆங்ஸ்ட்ராம் வேறுபாடுகூடப் பிரிந்து தெரியும். நீண்ட இழையில் ஊதா ஒளி கூடுதலாக வீணாகும். அத்தகைய அமைப்பில் ‘கே’ கோட்டுக்குப் பதிலாக ஹைட்ரஜனின் 6563, கால்சியத்தின் 8542 ஆங்ஸ்ட்ராம் கோடுகள் கைகொடுக்கும்.

இவை யாவும் காந்தத்தின் விளைவைக் காட்டுபவை. புலத்தையே அளக்க 1896இல் சீமன் கண்ட விளைவு வேண்டும்: காந்தப்புலத்தில் நிறமாலைக் கோடு பிளவுபடும், முனைவாக்கமும் பெறும். ராட்சத விண்மீன்களில் இந்தப் பிளவு மிக நுண்ணியது. புனர்பூசத்தின் பொல்லக்ஸ் சூரியனைப் போல் ஏறத்தாழ 9 மடங்கு ஆரம் கொண்டது. 2009இல் வெளியான அளவீட்டில் அதன் சராசரிப் புலம் 1 காஸுக்கும் குறைவு. வீங்கிய விண்மீன் மெதுவாகச் சுழல்வதே இதற்கு முக்கியக் காரணம். நெருங்கிய துணையோடு பிணைந்து வேகமாகச் சுழலும் ராட்சதங்களில் நிலைமை நேர்மாறு: அவற்றின் ‘கே’ கோட்டு மேடு மிக உயரமானது, பரப்பில் சூரியப் புள்ளிகளைவிடப் பன்மடங்கு பெரிய கரும்புள்ளிகளும் உண்டு.