காலுக்கு ஒரு தாளம்

சென்ற வாரம், பேச்சை இழந்த பக்கவாத நோயாளிகள் பாட்டாகப் பாடும்போது மட்டும் சொற்களைக் கண்டெடுப்பதைப் பார்த்தோம். இந்த வாரம் வாயிலிருந்து காலுக்கு இறங்குவோம்.

பக்கவாதம் வந்தவர் நடப்பதைக் கவனித்திருப்பீர்கள். பாதம் தொங்கிவிடும். தரையில் இடறாமலிருக்க, காலை இடுப்பிலிருந்தே பக்கவாட்டில் வீசி, அரைவட்டம் போட்டு முன்னால் வைப்பார். வலுவிழந்த காலில் எடையைப் போடப் பயம். அதில் கணநேரம்தான் நிற்பார். ஓர் அடி நெட்டை, அடுத்தது குட்டை. தசையின் பலவீனம் இதில் பாதிதான். எந்தத் தசை எப்போது இறுக வேண்டும், எப்போது தளர வேண்டும் என்ற நேரக் கணக்குக் குலைந்துபோவது மீதிப் பாதி.

அந்தக் கணக்கை வெளியிலிருந்து கொடுத்துப் பார்க்கலாமே என்று இறங்கியவர் மைக்கேல் தாட். ஜெர்மனியில் பிறந்தவர், வயலின் வாசிப்பவர். அமெரிக்காவின் கொலராடோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் அவரும் நரம்பியல் மருத்துவர் மெக்கின்டாஷும் சேர்ந்து செய்த ஆய்வு 1997இல் வெளியானது. புதிதாகப் பக்கவாதம் வந்த 20 பேர். பத்துப் பத்தாகப் பிரித்தார்கள். இரு அணிக்கும் ஆறு வாரம், தினம் இருவேளை, அரைமணி நேர நடைப்பயிற்சி. ஓர் அணிக்கு மட்டும் கூடவே தாளம். முடிவில் வழக்கமான பயிற்சி பெற்றவர்களின் அடி நீளம் 34 சதவீதம் கூடியிருந்தது. தாளத்தோடு நடந்தவர்களுக்கு 88 சதவீதம்.

செய்முறையில் மர்மம் எதுவும் இல்லை. முதலில் நோயாளி இயல்பாக நிமிடத்துக்கு எத்தனை அடி வைக்கிறார் என்று எண்ணுவார்கள். 60 என்றால், சீராகத் தட்டும் கருவியான மெட்ரோனோமும் 60. அவர் எப்படி நடக்கிறாரோ அந்த வேகத்துக்கே தாளம் முதலில் இறங்கி வரும். கால் அதைப் பிடித்துக்கொண்டதும் 63, 66 என்று மெல்ல ஏற்றுவார்கள். அழுத்தமான தட்டுள்ள இசையை அதே வேகத்தில் சேர்ப்பார்கள். கடைசியில் ஒலியை அவ்வப்போது நிறுத்திவிட்டு, நடை நிலைக்கிறதா என்று பார்ப்பார்கள்.

மூளை அடிபட்டிருக்கும்போது இது எப்படி வேலை செய்கிறது? காதுக்கு வரும் செய்தி பெருமூளைக்கு மட்டும் போவதில்லை. மூளைத்தண்டிலேயே கிளை பிரிந்து, தண்டுவடத்திலிருக்கும் இயக்க நரம்பணுக்களையும் எட்டுகிறது. முதுகுக்குப் பின்னால் பட்டாசு வெடித்தால் யோசிக்கும் முன்பே உடம்பு துள்ளுவது இந்த வழியில்தான். பக்கவாதத்தில் பெருமூளைப் பகுதி பழுதானாலும் இந்தக் கீழ்வழி பெரும்பாலும் தப்பித்திருக்கும். அதோடு, சீரான தாளத்தில் அடுத்த தட்டு எப்போது விழும் என்பது முன்கூட்டியே தெரியும். ஆகவே கால் ஒலிக்காகக் காத்திருப்பதில்லை. தட்டு விழும் நேரத்தில் தரையைத் தொடும்படி முன்னரே கிளம்பிவிடுகிறது.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். இன்ன ராகம் இன்ன நோயைத் தீர்க்கும் என்று நம்மூரில் உலவும் பட்டியல்களுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. காலை நகர்த்துவது ராகமோ குரலின் இனிமையோ அல்ல, தட்டுகளின் சீரான வேகமான காலப்பிரமாணம். உருகவைக்கும் ஆலாபனை மனதுக்கு நல்லது. அதில் தட்டு இல்லை என்பதால் நடைக்கு உதவாது.

மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2017இல் வெளியிட்ட தொகுப்பாய்வு, மூளைப் பாதிப்புக்கான இசைச் சிகிச்சை குறித்த 29 ஆய்வுகளை, மொத்தம் 775 பேரை, அலசியது. நடைவேகத்தை அளந்த ஆய்வுகளில் சராசரியாக நிமிடத்துக்கு 11 மீட்டர் கூடியிருந்தது. பக்கவாதத்துக்குப் பின் தயங்கித் தயங்கி நடப்பவருக்கு இது சிறிய லாபமல்ல. சாலையைக் கடக்கும் துணிச்சலைத் தரக்கூடியது. ஆனால் பல ஆய்வுகள் சிறியவை, குறைகள் உள்ளவை என்பதையும் அதே தொகுப்பு சொல்கிறது. விழாமல் நிற்கும் சமநிலைக்கு இதே அளவு ஆதாரம் இன்னும் சேரவில்லை. தாளம் பிசியோதெரபிக்கு மாற்று அல்ல, அதற்குள் வைக்க வேண்டிய கருவி.

உங்கள் வீட்டில் பக்கவாதத்திலிருந்து மீண்டுவருபவர் இருந்தால், கைபேசியில் பாட்டைப் போட்டுத் தனியாக நடக்க விடாதீர்கள். தவறான வேகம் தடுக்கி விழவைக்கும். இடுப்பெலும்பு முறிந்தால் நடையே போய்விடும். உங்கள் பிசியோதெரபிஸ்ட்டிடம் கேளுங்கள்: “இவர் நிமிடத்துக்கு எத்தனை அடி வைக்கிறார்? அந்த வேகத்துக்கு மெட்ரோனோம் வைத்துப் பயிற்சி தர முடியுமா?” மெட்ரோனோம் செயலி கைபேசியில் இலவசமாகவே கிடைக்கிறது.

அடுத்த வாரம்: வாசற்படியில் உறைந்து நின்றுவிடும் பார்க்கின்சன் கால்கள்.

(தொடரும்)