சிறுமீனும் பெரிய வினாவும்

திகனக்கு அண்மையில் 1985ஆம் ஆண்டு திறக்கப்பட்ட விக்டோரியா நீர்த்தேக்கத்தை நோக்கும் சிறுவனுக்கு, உள்ளே மீன்கள் எவ்வாறு வாழுமோ என்ற வினா எழுவது இயல்பு. அத்தகைய வினாவுக்குக் கற்பனையால் விடை கூறுவது, 2006இல் அமெரிக்கரும் தென்கொரியரும் கூடி ஆக்கிய 'தி ரீஃப்' என்னும் சித்திரப்படம். பெற்றோரை இழந்த சிறுமீன் ஒன்று, ஆமையிடம் பயின்று சுறாவை எதிர்ப்பதே கதை.

ஏறத்தாழ 9 கோடியே 40 இலட்சம் டாலர் செலவில் 2003இல் வந்த 'ஃபைண்டிங் நீமோ'வின் நிழலே இது என விமர்சகர் பலர் கடிந்தனர். குழந்தையோ செலவுக் கணக்குப் பார்ப்பதில்லை. சிறுமீன் பிழைக்குமா என்றே பதறுகின்றது.

இவ்விரு தீர்ப்புகளுள் எது சரி? இரண்டிலும் உண்மை உண்டு. நீரின் ஒளியைத் தீட்டப் பொருள் வேண்டும், அக்குறையை மன்னிக்கலாம். புதுக்கதை நினைக்கவோ பொருள் வேண்டியதில்லை. ஆதலின் இரவற் கதைக்கு வறுமை காரணமாகாது.

நீர்த்தேக்கத்துள் பழைய தெல்தெனிய நகர் மூழ்கிக் கிடக்கின்றது. அதன் தெருக்களில் இன்று மீன்கள் உலவுகின்றன. அம்மீன்களின் கதையை உங்கள் பிள்ளையிடம் கேட்டுப் பாருங்கள். செலவில்லாத நல்ல கதையொன்று கிட்டக்கூடும்.